நாலு மணிப் பால்

உங்கள் எழுத்தர் ‘வைரஸ்’ என்று எழுதியிருக்கிறார். முதலில் அதைத் திருத்திவிடலாம். அது பாக்டீரியா. மாட்டையும் மாட்டின் மேல் உட்காரும் ஈயையும் ஒரே இனமென்று எழுதினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது இது. இருபத்தாறு வருஷமாக இந்த ஒரு தவறைத் திருத்தியே என் தொண்டை வறண்டிருக்கிறது. விசாரணைக்கு வந்த இடத்திலும் விடமுடியவில்லை.

என் வக்கீல் வாயைத் திறக்காதீர்கள் என்றார். நல்ல மனிதர். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று காட்டிவிடலாம் என்று அவருக்கு ஓர் ஆசை. எனக்கு அதில் சம்மதம் இல்லை. நான் செய்ததை முழு நினைவோடு, குறிப்பேட்டில் தேதியும் நேரமும் போட்டுச் செய்தேன். அந்தக் குறிப்பேடு உங்கள் மேஜைமேல்தான் இருக்கிறது. கையெழுத்து புரியாத இடத்தில் கேளுங்கள், படித்துச் சொல்கிறேன்.

எங்கள் மருத்துவமனையின் கிருமி ஆய்வகம் அடித்தளத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் சலவைக் கூடம், மறுபக்கம் உடைந்த கட்டில்களைப் போட்டுவைக்கும் அறை. நடுவில் நானும் நான்கு ஊழியர்களும். மேலே இருந்து சளியும் சிறுநீரும் ரத்தமும் எங்களுக்கு வரும். அதில் எந்தக் கிருமி இருக்கிறது, அதற்கு எந்த மருந்து வேலை செய்யும் என்று நாங்கள் எழுதி அனுப்புவோம். துப்புரவு ஆட்களிலிருந்து ஓட்டுநர்கள் வரை எல்லோரும் என்னை டாக்டரம்மா என்று கூப்பிடுவார்கள். டாக்டர்கள் மட்டும் அப்படிக் கூப்பிடுவதில்லை. என்னுடையது ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம். அது அவர்கள் கணக்கில் வராது.

எங்கள் வேலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உள்ளங்கை அளவு கண்ணாடித் தட்டில் கிருமியைப் பரப்பி, அதன்மேல் மருந்து தோய்த்த சின்னச் சின்னக் காகிதப் பொட்டுகளை வைப்போம். மறுநாள் பார்த்தால், வேலை செய்யும் மருந்தைச் சுற்றிக் கிருமி செத்துத் தெளிந்த வட்டம் விழுந்திருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தட்டு நிறைய வட்டங்கள். கடைசி ஐந்தாறு வருஷமாக, பன்னிரண்டு பொட்டு வைத்தால் ஒன்றைச் சுற்றியும் வட்டம் இல்லாத தட்டுகள் வர ஆரம்பித்தன. அதற்கு நான்தான் கையெழுத்துப் போடுவேன். ‘எந்த மருந்துக்கும் கட்டுப்படவில்லை’ என்று எழுதி மேலே அனுப்பினால், ஒரு வாரம் பத்து நாளில் அந்தப் பெயர் பிணவறைப் பட்டியலில் இருக்கும். இதை யாரும் கொலை என்று சொன்னதில்லை. யாரையும் இப்படி நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டதும் இல்லை.

மருத்துவமனைக்குப் பின்னால் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் தொட்டிகள் உண்டு. அங்கே ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. மணல் படுகைக்குள் போகும் தண்ணீரில் அடங்காத கிருமிகள் கூட்டம் கூட்டமாக இருந்தன. வெளியே வரும் தண்ணீரில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. உள்ளே எதுவோ அவற்றைத் தின்று தீர்க்கிறது. பதினொரு இடத்தில் மணல் எடுத்து வந்தேன். ஏழாவது மணலில் அது இருந்தது. தட்டில் வைத்ததும், எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகளுக்கு நடுவில் தன்னைச் சுற்றித் தானே ஒரு வட்டத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்கு ‘மணல் ஏழு’ என்று பெயர் வைத்தேன்.

கழிவுநீர் என்றதும் உங்கள் எழுத்தர் முகத்தைச் சுளிக்கிறார். நாம் உயிர் பிழைக்கச் சாப்பிடும் மருந்துகளில் பாதி, மண்ணிலிருந்து வந்தவைதான்.

இந்தக் கிருமியை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க, அனுமதிக் குழுவிடம் போனேன். ஐந்து பேர். பன்னிரண்டு நிமிஷம் கொடுத்தார்கள், அதில் நான்கு நிமிஷம் தேநீர் வந்தது. தலைவர் சிறுநீரக மருத்துவர்.

“நல்ல வேலைம்மா. எலியில ஆரம்பிங்க. ரெண்டு வருஷம், மூணு வருஷம் ஆகட்டும். இதுல என்ன அவசரம்?” என்றார்.

அந்த வாரம் வட்டமே விழாத ஒன்பது தட்டுகளில் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதில் இரண்டு அவருடைய நோயாளிகள். காகிதங்களை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தேன். நாற்பது நாள் நானே குடித்துப் பார்த்தேன். ஒரு தும்மல்கூட வரவில்லை.

நீண்டநாள் நோயாளிகளுக்கென்று எங்களிடம் ஒரு தனிக் கட்டடம் இருக்கிறது. முப்பத்தெட்டுப் படுக்கைகள். பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவு, வாரம் மூன்று தடவை ரத்தம் சுத்திகரிக்க வேண்டியவர்கள். அந்தக் கட்டடத்துக்குத் தனிச் சமையலறை. செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே போய் கரண்டி, பலகை, சமைத்த உணவு எல்லாவற்றிலும் மாதிரி எடுப்பது என் வேலை. ஆகவே நான் அங்கே போவதையோ வருவதையோ யாரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள்.

அங்கே சமைப்பவள் என்னைவிட மூன்று வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மாதிரி எடுத்து முடித்ததும் இரண்டு பேரும் பின்கதவுப் படியில் உட்கார்ந்து தேநீர் குடிப்போம். முப்பத்தெட்டுப் பேரில் யாருக்கு உப்புக் குறைய வேண்டும், யாருக்கு மசித்துக் கொடுக்க வேண்டும், யார் சாப்பிட்டேன் என்று பொய் சொல்வார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு செவ்வாய்க்கிழமை அவளிடம் இரண்டு புட்டி கொடுத்தேன்.

“என்ன டாக்டரம்மா இது, மருந்தா?”

“சத்து அக்கா. வயித்துக்கு நல்லது. வாராவாரம் கொண்டாந்து தரேன், தினம் சாயங்காலம் நாலு மணிப் பால்ல கலந்துடுங்க. கை பொறுக்கிற சூடா இருக்கட்டும், கொதிக்கக் கூடாது.”

“தாள் எதாவது வருமா? மேற்பார்வையாளர் கேப்பாரே.”

“மேல ஒத்துக்கிட்டாங்க. தாள் பின்னாடி வரும்.”

“நீங்க சொன்னா சரி. அவரு கேட்டா, முதல்ல சமையல்கட்டுத் தண்ணிக் குழாயைச் சரி பண்ணிக் குடுங்க, அப்புறம் தாளைப் பத்திப் பேசலாம்னு சொல்லிடறேன்,” என்று சிரித்தாள்.

ஆரம்பிக்கும்போது அந்த முப்பத்தெட்டுப் பேரில் இருபத்தொன்பது பேரின் குடலில் அடங்காத கிருமிகள் இருந்தன. எட்டாவது வாரம் ஐந்து பேர். இந்த எண்களைத் தயவுசெய்து பெரிதாக எழுதச் சொல்லுங்கள். தையல்காரம்மா என்று ஒருவர், முதுகெல்லாம் படுக்கைப் புண், மூன்று மாதமாக எந்த மருந்துக்கும் ஆறாமல் கிடந்தது. புண் ஆறி, மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வீட்டுக்குப் போனார். வாசலில் நான் நின்றிருந்தேன். மருமகள் எனக்குப் பின்னால் நின்ற டாக்டருக்கு நன்றி சொன்னாள். பரவாயில்லை, எனக்குப் பழக்கம்தான்.

ஒன்பதாவது வாரம் தட்டச்சு ஐயாவுக்குக் காய்ச்சல் வந்தது. கோர்ட்டில் முப்பது வருஷம் தட்டச்சு செய்தவர். பேசும்போதுகூட விரல் பத்தும் போர்வைமேல் ஓடிக்கொண்டிருக்கும். ரத்தம் சுத்திகரிக்கக் கழுத்து ரத்தக் குழாயில் ஒரு குழாய் செருகியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை அவருடைய ரத்தப் புட்டி எங்களுக்கு வந்தது. நுண்ணோக்கியில் பார்த்தேன். ஊதா நிறக் குச்சிகள், சங்கிலி சங்கிலியாக. பள்ளிக்கூடம் விட்டு வரும் கூட்டத்தில் தன் பிள்ளையைக் கண்டுபிடிக்க எந்தத் தாய்க்கும் நேரம் ஆகாது.

அறிக்கையில் இப்படி எழுதினேன்: ‘தோலிலிருந்து ஒட்டிய மாசு. நோய்க்கிருமி அல்ல. சிகிச்சை தேவையில்லை.’

இப்படி எழுதினால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். அதே சாயலில் உள்ள கிருமிகள் தூசியிலும் தோலிலும் சாதாரணமாக இருக்கும். ரத்தம் எடுக்கும்போது ஊசியோடு ஒட்டிக்கொண்டு வரும். எந்த ஆய்வகமும் அப்படித்தான் எழுதும். அந்தக் கட்டடத்து டாக்டர் சின்ன வயசுக்காரர். எதையும் இரண்டு தடவை கேட்பார். தொலைபேசியில் கூப்பிட்டார்.

“மேடம், மாசுதானா? நிச்சயமா? காய்ச்சல் நூத்தி மூணுல நிக்குது.”

“மாசுதான் தம்பி. நெஞ்சுல சளி இருக்கான்னு பாருங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஐயா போய்விட்டார். அவர் மகன் வந்து கண்ணாடியையும் செருப்பையும் வாங்கிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். அவருக்கு வயது எழுபத்தொன்பது. இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. ஒரு காரணம் எழுது என்றால் நான் அதைத்தான் எழுதுவேன்.

அடுத்து, பலூன் விற்றுப் பிழைத்த பலூன்காரர் போனார். அதற்கடுத்த வாரத்தில் இரண்டு பெண்கள். ஒருவர் கணக்கு டீச்சர். இன்னொருவரை எல்லோரும் சின்னம்மா என்பார்கள், உண்மையான பெயரை நான் புட்டியில்தான் முதல் தடவை படித்தேன். நான்கு பேருக்கும் உடம்பில் குழாய் இருந்தது, மணல் ஏழு அதில் ஒட்டிக்கொண்டுதான் ரத்தத்தில் பெருகியது. நான்கு அறிக்கையிலும் அதே மூன்று வாக்கியங்கள். எழுதும்போது கை நடுங்கியதா என்று நேற்று கேட்டீர்கள். முதல் தடவை பேனா எழுதவில்லை. வேறு பேனா எடுத்துக்கொண்டேன்.

குழாய் போட்டவர்களுக்கு மட்டுமாவது பாலை நிறுத்தியிருக்கலாமே என்றும் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. குழு அதைக் கேட்டிருந்தால் எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும். ஆனால் பாதியில் ஆட்களை மாற்றினால் அது ஆராய்ச்சி இல்லை, சமையல். பதின்மூன்று வாரம் என்று திட்டம் போட்டிருந்தேன். ஒன்பதில் நிறுத்தினால், போதாதும்மா, எலியில ஆரம்பிங்க என்று மறுபடியும் தேநீர் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது கண்டுபிடித்து என்னை மறைத்தவள் என்று சொல்லக் கூடாது. தட்டச்சு ஐயாவின் ரத்தத்தில் வந்த கிருமிக்கு அன்றைக்கே பன்னிரண்டு பொட்டும் வைத்துப் பார்த்தேன். மறுநாள் முதல் பொட்டைச் சுற்றியே வட்டம் விழுந்திருந்தது. கட்டைவிரல் அகலத்துக்குச் சுத்தமான வட்டம். அந்த மருந்து எல்லா வார்டு அலமாரியிலும் சும்மா கிடக்கும், மலிவான, பழைய ஊசி. குழாயை எடுத்துவிட்டுப் பத்து நாள் அதைப் போட்டிருந்தால் நான்கு பேரும் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். மணல் ஏழு எவ்வளவு சாது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பன்னிரண்டாவது வாரம் திங்கட்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல். எந்தப் பாத்திரத்தை இறக்கினாலும் ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்க்காமல் அனுப்பமாட்டாள், பாலையும்தான். அவளுக்கு ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதயத்தில் செயற்கை வால்வு வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் மருத்துவமனையிலேயே மேல் மாடி வார்டில் சேர்த்து, அன்று மதியமே ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குப் புட்டி என் கைக்கு வந்தது. ஊதாக் குச்சிகள், சங்கிலி சங்கிலியாக.

இந்தத் தடவை நான் வேறு மாதிரி எழுதினேன்: ‘மாசு அல்ல. உண்மையான ரத்தத் தொற்று. கீழ்க்கண்ட ஊசியை உடனே தொடங்கவும்.’ ஊழியரிடம் கொடுத்தனுப்பவில்லை. மின்தூக்கிக்கும் காத்திருக்கவில்லை. காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நான்கு மாடி ஏறினேன். அன்று அந்த வார்டையும் பார்த்துக்கொண்டிருந்த சின்ன டாக்டர் அப்போதே ஊசியைத் தொடங்கினார். மூன்றாவது நாள் அக்காவுக்குக் காய்ச்சல் இறங்கியது.

அதே மூன்றாவது நாள் சின்ன டாக்டர் கீழே வந்தார். கையில் ஐந்து காகிதம்.

“மேடம், நுண்ணோக்கியில பார்த்த விவரம் அஞ்சுலயும் ஒண்ணுதான் எழுதியிருக்கீங்க. அங்க நாலு பேருக்கு மாசு. இங்க தொற்று. எனக்குப் புரியல, கொஞ்சம் சொல்லுங்களேன்.”

நான் அடுத்த தட்டை எடுத்துப் பொட்டு வைக்க ஆரம்பித்தேன். அவர் ஊழியரிடம் கேட்டார். ரத்தம் எப்போதும் இரண்டு புட்டியாகத்தான் வரும்; ஊழியர் குளிர் அறையைத் திறந்து நான்கு பேருடைய இரண்டாவது புட்டிகளையும் எடுத்துக் கொடுத்தார். எறிந்திருக்கலாமே என்கிறீர்கள். மாதிரியை எறிபவளுக்கு ஆய்வகத்தில் என்ன வேலை?

என் வக்கீல் இப்போது அந்த ஐந்தாவது அறிக்கையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். மனசாட்சி விழித்துக்கொண்டது, தோழிக்காகத் தன்னையே காட்டிக்கொடுத்தாள் என்று வாதாடப் போகிறாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வாரம் அக்காவே என்னைப் பார்க்க வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தன் கைகளை விரித்துப் பார்த்தாள்.

“என் கையாலதானே டாக்டரம்மா ஊத்திக் குடுத்தேன்,” என்றாள். “பலூன்காரர் இன்னும் அரை டம்ளர் கேட்டாரு. குடுத்தேன்.”

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“நாலு பேரை விட்டுட்டு என்னை மட்டும் ஏன் காப்பாத்துனீங்க?”

அவள் எதைக் கேட்க ஆசைப்பட்டாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பின்கதவுப் படியில் எத்தனையோ செவ்வாய்க்கிழமை சேர்ந்து உட்கார்ந்திருக்கிறோம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், வக்கீலுக்கும் வேலை சுலபமாகியிருக்கும். ஆனால் யாரிடமும் பொய் சொல்லும் பழக்கம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. அவளிடமும் உள்ளதைத்தான் சொன்னேன்.

“இன்னும் ஒரு வாரம் பாக்கி இருந்துச்சு அக்கா. உங்களுக்குப் பதிலா வந்தவன் தாள் இல்லாம ஊத்தமாட்டேன்னுட்டான்.”