பதினெட்டுப் பேரும் கரை சேர்ந்தனர்

ஐயா,

எந்தக் கடிதத்தையும் முதலில் பென்சிலில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பேன். பாலக்காட்டுச் சித்தூரில் ஏழாம் வகுப்பில் வந்த பழக்கம். இதையும் அப்படியே எழுதியிருக்கிறேன். அடித்தல் திருத்தல் இருக்காது.

பீர்மேட்டுக்கு மேலே அணைத் தண்ணீரில் ஓடும் தனியார் சுற்றுலாப் படகுகளுக்கு ஒன்பது வருஷமாக நான் எழுத்தர். ஆள் பட்டியல், அணைப் படகுகளையும் கவனிக்கும் துறைமுக ஆபீசுக்குப் போகும் அறிக்கை எல்லாம் என் கையெழுத்து. படகுத்துறையின் அறிவிப்புப் பலகைகூட நான் பெயிண்டில் எழுதியது. எஸ்டேட் லைன் வீட்டுக்காரர்களுக்கு மனுவும் எழுதிக் கொடுப்பேன்.

“சார்வாள் தும்முனாக்கூட ரெண்டு காப்பி எடுத்துருவாக” என்று சின்னையன் கேலி செய்வான். படகில் கயிறு போடுவதும், ஆட்களைக் கைபிடித்து ஏற்றி இறக்குவதும் அவன் வேலை. அதற்குச் சான்றிதழ் வேண்டும். அவனிடம் இல்லை. எஸ்டேட் வேலை போய், வந்து நின்றான். முன்பு அந்த வேலையில் இருந்து விலகிப் போன மஜீதின் சான்றிதழ் நகல் என் ஃபைலில் இருந்தது. பட்டியலில் மஜீத் என்று எழுதினேன். படகில் சின்னையன் ஏறினான். உதவியாகத்தான் செய்தேன். இரண்டு வருஷம் அதனால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை தண்ணீர் இறங்கியிருந்தது. அணை கட்டியபோது மூழ்கிய பட்டமரங்கள் அப்போது தண்ணீருக்கு அரை அடி கீழே நிற்கும். மாலை ஐந்து மணிக்கு, பனி இறங்கும் நேரத்தில், படகு ஒரு மரத்தில் ஏறிச் சாய்ந்தது. இன்னொரு படகு போய்ப் பயணிகள் பதினெட்டுப் பேரையும் கொண்டுவந்தது. டிரைவர் நவீன்குமார் எங்கள் சித்தூர்ப் பக்கத்து ஆள். கடைசியாக இறங்கி நேரே என்னிடம் வந்தான்.

“அண்ணா, சின்னையண்ணனைக் காணோமுங்க. கைக்கொழந்தையத் தூக்கிக் குடுத்துப்போட்டு வழுக்கி உழுந்துட்டாருங்க. பனியில அப்பறம் கண்ணுக்கே தெரியலீங்க.”

“லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தானா?”

“போட்டிருந்தாருங்க.”

“அப்பக் கரையேறி ஊட்டுக்குப் போயிருப்பான், போ.”

விதி எனக்கு மனப்பாடம். துறைமுக ஆபீசுக்கு உடனே போனில் சொல்ல வேண்டும், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். படகில் இருந்தவர் எத்தனை, கரை சேர்ந்தவர் எத்தனை, காணாதவர் உண்டா? ஒருவரைக் காணோம் என்றால் தீயணைப்புப் படை விளக்கோடு வந்துவிடும். வந்தால் பெயர் கேட்பார்கள். மஜீத் என்று சொன்னால், மஜீத் பாலக்காட்டில் தன் கடையில் உட்கார்ந்திருக்கிறான். சின்னையன் என்று சொன்னால் என் கையெழுத்து வெளியே வரும்.

போனில் “யாத்திரக்காரெல்லாம் சுரக்ஷிதராணு” என்றேன். பயணிகள் எல்லாரும் பத்திரம் என்பதில் பொய் இல்லை. அறிக்கையில் பணியாளர்: நவீன்குமார், மஜீத், இருவரும் நலம் என்று எழுதினேன். மஜீத் நலமாகத்தானே இருந்தான்.

பென்சில் பிரதி முடிகிற சமயத்தில் எதிர்க்கரைப் பக்கமிருந்து விசில் கேட்டது. நவீன்குமார் எழுந்து நின்றான்.

“குருவி” என்றேன். மனுஷன் மாதிரியே விசிலடிக்கிற குருவி இந்த மலையில் உண்டு.

“இருட்டற நேரத்துலயுங்களா?”

“எந்த நேரத்துலயும் கத்தும். உக்காரு.”

உட்கார்ந்தான். அவன் மேல் குற்றம் இல்லை. உட்காரச் சொன்னது நான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சின்னையன் மனைவி ராமலட்சுமி வந்தாள்.

“அண்ணாச்சி, அவுக ராத்திரி வீட்டுக்கு வரல. படகு சாஞ்சுதாமே, அதுலயா போனாக?”

“நேத்து அவன் வேலைக்கே வரலியே. மறையூர்ல வெல்லம் காய்ச்ச ஆள் கேக்கறாங்கன்னு சொல்லிட்டிருந்தான்.”

“எங்கிட்டச் சொல்லாமப் போவ மாட்டாக. போலீசுக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க. நீங்க எழுதுனாத்தான் வாங்குவாக.”

எழுதிக் கொடுத்தேன். வேலை தேடி மறையூர் சென்ற என் கணவர் வீடு திரும்பவில்லை என்று, முதலில் பென்சிலில், பிறகு பேனாவில். கைநாட்டு வைத்துவிட்டு என்னைக் கும்பிட்டாள். போலீஸ் மறையூரில் தேடியது. விபத்துக்குப் பின் படகுகளை ஓட்டக் கூடாது என்ற விதியை நான் மீறவில்லை. அதனால் எதிர்க்கரைப் பக்கம் யாரும் போகவில்லை.

நாலாம் நாள், பட்டமரக் கிளையில் ஜாக்கெட் மாட்டியபடி கிடைத்தான். ஜாக்கெட்டில் கட்டியிருக்கும் விசில் பல்லிடுக்கில் இருந்தது. விடிந்து வெகுநேரம் வரை உயிர் இருந்திருக்கும், குளிரில்தான் போயிருக்கிறது என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அப்படியென்றால், ராமலட்சுமி என் எதிரே நின்றிருந்தபோதும் இருந்திருக்கும்.

குருவி என்று நிஜமாகவே நினைத்தீரா என்று நேற்று விசாரணையில் கேட்டீர்கள். பேச்சில் எனக்கு ஒழுங்கு வராது, அதனால் எழுதுகிறேன். துறைப் பலகையில் ஐந்தாவது வரியைப் பாருங்கள். ‘ஆபத்தில் மூன்று முறை விசில் ஊதவும், பத்து எண்ணி மீண்டும் ஊதவும்.’ சின்னையனுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் பக்கத்தில் நின்று நானே சொல்லிக் கொடுத்தேன். அன்று பேனாவில் எழுதிக்கொண்டே, மூன்று விசில் நின்று அடுத்த மூன்று வரும்வரை மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பத்து வந்தது. கவனம் சிதறினால் எழுத்து கோணிவிடும் என்று எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.