மாத்திரை அட்டை

எங்கள் வீட்டில் ராத்திரிப் பாத்திரம் கழுவுகிறவன் நான்தான் இன்ஸ்பெக்டர் மேடம். அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். ஷர்மிளாவைக் கட்டிய நாளிலிருந்து அவள்மேல் ஒரு அடி விழுந்ததில்லை.

இரண்டு பேருக்கும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனி. நான் சோல் ஒட்டுகிற லைன். போன வருஷம் அந்த லைனுக்கே அவளை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். வீட்டில் மாமா என்பவள், அங்கே எல்லோர் முன்னாலும், "இன்னா ஜோசுவா, கை ஓடலயா? உன்னாலதான் லைன் நிக்குது," என்றாள். பக்கத்தில் நின்ற ஜான் பாஷா சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. ஆனாலும் நான் கோபப்படவில்லை. வயிற்றில் ஒன்று உண்டானால் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருப்பாள் என்று மட்டும் நினைத்தேன்.

இரண்டாவது சிசேரியனின்போதே டாக்டரம்மா சொல்லியிருந்தார். கர்ப்பப்பைத் தையல் மெலிசாக இருக்கிறது, இன்னொன்று உண்டானால் உயிருக்கே ஆபத்து என்று. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்றாள் ஷர்மிளா. அந்த உடம்பில் இன்னும் எத்தனை தடவைதான் கத்தி படுவது? நான்தான் வேண்டாம் என்றேன். அதனால் மாத்திரை. சாப்பிட்டதும் அவளே அட்டையிலிருந்து பிதுக்கிப் போட்டுக்கொள்வாள், ஒருநாளும் மறந்ததில்லை. நான் தண்ணீர் எடுத்துக் கொடுப்பேன்.

அட்டையின் பின்பக்கத் தகட்டைத் தோல் சீவும் கத்தியால் ஓரமாகக் கீறினேன். அதே அளவில் சர்க்கரை மாத்திரை ஹோமியோபதிக் கடையில் கிடைக்கிறது. ஷூ ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவிய உடனே ஒட்டக் கூடாது மேடம். கொஞ்சம் காயவிட்டு அழுத்தினால் ஒட்டே தெரியாது. வாசனையும் காட்டிக்கொடுக்காது, எங்கள் இருவர் கையிலும் எப்போதும் அதுதானே. அடக்கம் முடிந்து ஷர்மிளாவின் துணிமணி எடுத்துவைக்க வந்த அவள் சிநேகிதி ஹெலன்தான் பழைய அட்டையைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். அவளும் எங்கள் லைன்.

நாள் தள்ளியதும் ஷர்மிளா பயந்துபோய், கலைத்துவிடலாம் என்று அழுதாள். "கர்த்தர் குடுத்தத நாம இன்னாத்துக்கு வேணான்றது?" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

ஏழாம் மாதம் வலி கண்டது. வேலூருக்கு ஆம்புலன்ஸில் போனோம். பள்ளிகொண்டா தாண்டும்போது படுக்கை முழுக்க ரத்தம்.

"நான் ஒருநாள்கூட விடலயே மாமா. எப்டி ஆச்சு?" என்றாள்.

"எப்பனா மறந்திருப்ப," என்றேன்.

"தப்பு எம்மேலதான். மன்னிச்சிடு மாமா."

மனசு கேட்கவில்லை மேடம். மன்னித்துவிட்டேன்.