முந்தைய வரன்

பைத்தான் என்ற கணினி மொழியில் முன்னால் போவதற்கு யாரும் பெரிதாகச் சிரமப்பட வேண்டியதில்லை. ஒரு பட்டியலைக் கொடுத்து 'அடுத்தது' என்றால் அடுத்ததைத் தந்துவிடும். 'முந்தையது' என்று கேட்டால்தான் திருதிருவென்று விழிக்கும். இரண்டு பக்கமும் நகர வேண்டுமென்றால், இப்போது எங்கே நிற்கிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு நிரல் துண்டை, கிளாஸ் என்பார்கள், நாமே எழுதிக்கொள்ள வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அதை எழுதியவள் நான். நன்றாகவே எழுதினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

மராத்தி பேசும் ஊரில், விமான் நகரிலிருந்து ஓர் ஆப் நடத்தினோம். இந்தப் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு வரன் பார்க்கும் ஆப். வலதுபக்கம் தள்ளினால் அடுத்த முகம், இடதுபக்கம் தள்ளினால் போன முகம். பையன்கள் தள்ளும் வேகத்தைப் பார்த்தால் பெண் பார்க்கிறார்களா, கடையில் டிபன் டப்பா பார்க்கிறார்களா என்று தோன்றும். அதனால்தான் எங்கள் தலைமை ராஜஸ்ரீ மேடம் ஒரு விதி வைத்தார். ஒரு முகத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தால்தான் விருப்பம் தெரிவிக்கும் பொத்தான் தெரியும். யோசித்து அழுத்தட்டும் என்பார். நல்ல விதி. எனக்கும் உதவியாக இருந்தது.

அந்த முகங்களில் ஒன்று என் தங்கை ராஜியுடையது. கோயம்புத்தூரிலிருந்து அப்பா பதிவு செய்திருந்தார். ராஜி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிறாள், என்னோடு இருக்கிறாள். அவளைக் கண்டவன் வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. எந்த அக்காவுக்கும் இருக்கும் கவலைதான்.

நிதானமாக யோசித்தேன். முன்னால் தள்ளிக்கொண்டே போகிறவனால் ஒரு தொந்தரவும் இல்லை. தாண்டிப் போனபின் எவன் நின்று திரும்பி வருகிறானோ, அவனால்தான் தொந்தரவு. ஆகவே பின்னால் வரும் வழியில் மட்டும் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். வருகிற முகம் ராஜியுடையது என்றால் இன்னும் ஓர் இடம் பின்னால் போய்விடு. அவ்வளவுதான். நான் அவளை மறைக்கவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

ராஜிக்கு ஒரு விருப்பமும் வரவில்லை. முதலில் சிரித்தாள். "இந்த ஊருப் பசங்களுக்குக் கண்ணு தெரியாதுக்கா" என்றாள். பிறகு போட்டோவை மாற்றினாள். அதையும் மாற்றினாள். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது, தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"எங்கிட்ட என்னக்கா குறை? ஒருத்தர்கூடத் திரும்பிப் பாக்கலியே."

"குறையெல்லாம் ஒண்ணுமில்ல. மூக்குதான் கொஞ்சம் அப்பா மாதிரி."

சும்மா கேலிக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் போட்டோ எடுத்துக்கொள்வதில்லை.

தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியராக இருக்கும் ராம்பிரசாத் என்பவர் புகார் எழுதினார். ஒரு பெண்ணைத் தாண்டிவிட்டேன், திரும்பி வந்தால் காணவில்லை என்றார். கிளாஸ் என்னுடையது என்பதால் புகாரும் என்னிடம் வந்தது. அந்தப் பெண் விலகிவிட்டார் என்று மரியாதையாகப் பதில் போட்டேன். அவர் விடவில்லை. "முன்னால் போனால் இருக்கிறார், பின்னால் வந்தால் மட்டும் இல்லை. கொஞ்சம் கோணலாகச் சிரிப்பவர்" என்று மறுபடி எழுதினார். கெட்டிக்காரர். தொழிற்சாலையில் கிடந்து வீணாகிறார்.

ஆனால் என்னைப் பிடித்தது ஜோசபின். இந்த ஊரின் பழைய கேம்ப் பகுதியில் பிறந்து வளர்ந்தவள், ஆப்பில் பிழை தேடும் எங்கள் டெஸ்டர். கடைசிவரை போய், அப்படியே முதலுக்குத் திரும்பி வரும் ஒரு சோதனையை ஓட்டினாள்.

"அரே அகல்யா, போறப்ப இருக்கிற ஆளு வர்றப்ப இல்ல. ஒண்ணு கம்மி ஆவுது."

"ஓரத்துல வர்ற சின்னப் பிழையா இருக்கும்" என்றேன். இந்த மாதிரி கிளாஸில் முதல் ஆளிடமும் கடைசி ஆளிடமும் பிழை வருவது வழக்கம்தான்.

"ஓரத்துல இல்ல. நடுவுல."

நிரலைத் திறந்து என் வரியைப் படித்தாள். அதிலிருந்த பதிவு எண்ணை ஆப்பில் தட்டித் தேடினாள். ராஜி திரையில் வந்தாள். எங்கள் வீட்டில் ராஜி கையால் எத்தனையோ முறை சாப்பிட்டவள் ஜோசபின்.

"அவ அழுவுறது உனக்குக் கேக்காதா?"

"கேக்கும். பக்கத்து ரூம்தான்."

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். ஏன் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. கேட்டதற்கு உண்மையைத்தானே சொன்னேன்?

செய்தது நான்தான். கைதவறி வந்த பிழை இல்லை, தெரிந்தே போட்டது. ராஜஸ்ரீ மேடத்திடமும் இதையே சொன்னேன். அந்த வரியை எடுத்துவிட்டார்கள், என்னையும் எடுத்துவிட்டார்கள். தனியாக இருக்கப் பயந்துதான் இதைச் செய்தேன் என்று ஜோசபின் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். எனக்கு என்ன பயம்? நான் பார்த்ததெல்லாம் ராஜியின் நல்லதுக்குத்தான்.

ராம்பிரசாத் கடைசியாக எழுதியபோது தன் போன் நம்பரைக் கொடுத்து, அந்தப் பெண் எங்கே இருந்தாலும் சேர்த்துவிடுங்கள் என்று கேட்டிருந்தார். பத்திரமாக வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் ராஜியிடம் நானே சொல்வதாக ஜோசபினுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். சொல்லத்தான் போகிறேன். ஹோட்டலில் இது கல்யாண சீசன், பாவம், களைத்துப்போய் வருகிறாள். சீசன் முடியட்டும்.