தெளிவாகத்தான் சொன்னேன்

குடிக்க வெந்நீர் கிடைக்குமா சார்? குளிர்ந்த தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளாது, தொண்டை கட்டிக்கொள்ளும். குரலை வைத்துப் பிழைக்கிறவள் நான். அதனால் தொண்டை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே பத்தியம்.

ஸ்டேஷனுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். பாலத்தில் நடந்ததை விபத்து என்று சொல்லி எங்கள் சேனல் விசாரணையை முடித்துவிட்டது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் முடிவில், காதில் சொன்னது தெளிவாக இல்லை, கட்டுப்பாட்டு அறையில் பேசுகிறவர்களுக்கு உச்சரிப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பத்து வயதில் மேடை ஏறிப் பேசியவள் நான். எனக்குப் பயிற்சியாம்.

முதலிலிருந்து சொல்கிறேன். சிட்டு என்பது அவளை வீட்டில் கூப்பிடும் பெயர். உங்களுக்கெல்லாம் அவள் டிவியில் வருகிற பெண். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே வீட்டில் சேர்ந்து குடியிருந்தோம். முதல் நாள் இருவரையும் கேமரா முன்னால் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார்கள். செய்தி ஆசிரியர் என்னிடம், "உங்க குரல் பிரமாதம்மா. கண்ணை மூடிக்கிட்டு கேட்டுட்டே இருக்கலாம்," என்றார். கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்க வேண்டும் என்று அவர் சொன்னது அன்று சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது. அவள் திரைக்குப் போனாள். நான் உள்ளே போனேன்.

நேரலையில் செய்தியாளர்கள் காதில் சின்னதாக ஒன்று மாட்டியிருப்பார்களே, அதில் பேசுவதுதான் என் வேலை. அடுத்து என்ன கேட்க வேண்டும், எப்போது முடிக்க வேண்டும், எந்தப் பக்கம் நகர வேண்டும், எல்லாம் நான் சொல்வேன். மற்றவர்கள் பாதி கேட்பார்கள், பாதியைக் காற்றில் விடுவார்கள். சிட்டு அப்படி இல்லை. சும்மா சொல்லக்கூடாது, சொன்னதை அப்படியே செய்வாள். ஏன் என்று கேட்க மாட்டாள், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "அசரீரி, இன்னைக்கு என்ன உத்தரவு?" என்று சிரித்துக்கொண்டேதான் காதில் மாட்டுவாள். அப்புறம் ஆபீஸ் முழுக்க எனக்கு அசரீரி என்றே பெயர் விழுந்துவிட்டது. அவள் அம்மாகூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்தவ பேச்சைக் கேக்க மாட்டா கண்ணு, உன் பேச்சைத்தான் கேப்பா," என்பார்.

வெளியே போனால் ஆட்கள் அவளைச் சூழ்ந்துகொள்வார்கள். படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பார்கள், கூடவே என் கையில் போனைக் கொடுத்து, "கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்," என்பார்கள். நான் எடுத்துக் கொடுப்பேன். பொறாமையாக இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. ஆனால் அவள் வாயிலிருந்து வருவது என் பேச்சு என்று நினைத்துக்கொண்டால் அடங்கிவிடும்.

அப்புறம் வெள்ளத்தில் அந்தப் பாலம் பாதி அடித்துக்கொண்டு போனது. அந்தப் பாலத்துக்குப் பொறுப்பான எஞ்சினியரை அவள் நேரலையில் பேட்டி எடுத்தாள். மனிதர் கணக்கு மேல் கணக்காகச் சொல்லி நழுவிக்கொண்டிருந்தார். அவள் திணறுவது எனக்குத் தெரிந்தது. "அதெல்லாம் விடு. பாலம் போன அன்னைக்கு நீங்க தூங்கினீங்களான்னு கேளு," என்றேன். கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இல்லைங்க. இன்னைக்கு வரைக்கும் சரியா தூங்கலை," என்றார். அதைப் பார்க்காதவர்களே இல்லை.

அடுத்த வாரம் அவர் அவளைப் பார்க்க வந்தார். துணைக்கு நானும் போனேன். காபி ஆறிக்கொண்டிருந்தது. "இத்தனை பேர் வந்து கேள்வி கேட்டாங்க. என்னை ஒரு மனுஷனா நெனைச்சுக் கேட்டது நீங்க மட்டும்தான்," என்றார் அவளிடம். மேஜைக்கு அடியில் சிட்டு என் காலை மிதித்துச் சிரிப்பை அடக்கினாள். வீட்டுக்கு வந்ததும், "கேள்வி உன்னோடதுன்னு அவர்கிட்ட சொல்லிடட்டுமாடி?" என்று கேட்டாள். "எதுக்கு, விடு," என்றேன். இன்னொரு தடவை கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை.

அதன்பிறகு அவர் அனுப்பும் செய்திகளை என்னிடம் காட்டி, "என்னடி பதில் போடுறது?" என்பாள். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டுவாள். ஆக, அவரிடம் காதல் பேசியது நான். அவர் உருகியதும் எனக்காகத்தான், அவருக்குத்தான் அது தெரியாது. இதைத் தவறாக நினைக்காதீர்கள், எனக்கு அந்த ஏற்பாடே போதுமாக இருந்தது.

ஒருநாள் அவள் போனைக் காட்டவில்லை. தானே ஏதோ தட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். "இனிமே நானே பேசிக்கிறேன்டி. அன்னைக்கு நீ இல்லாதப்ப நானா எதையோ உளறி வெச்சேன். அவருக்கு அந்த உளறல்தான் ரொம்பப் பிடிச்சிருக்காம்," என்றாள். கல்யாணம் பேசி முடித்தாயிற்று. சேனலில் அவளுக்கென்று தனி நிகழ்ச்சியும் வந்தது. அதையும் சந்தோஷமாகத்தான் சொன்னாள். "காதுல எதுவும் வேண்டாம்னு சொல்லிட்டேன். பார்க்கலாமே, சொந்தமா எவ்வளவு தூரம் போறேன்னு."

நல்லது என்றேன்.

அவள் காதில் நான் பேசிய கடைசி நேரலை அந்தப் பாலத்திலிருந்து நடந்தது. புதுப் பாலத்துக்கு அவரையே பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். உடைந்த முனைக்குச் சில அடி முன்னால் அவரே வெள்ளைக் கோடு போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தார். சிட்டு கோட்டுக்கு இந்தப் பக்கம், கேமராவைப் பார்த்து நின்றாள். முனை அவளுக்கு முதுகுப் பக்கம். எஞ்சினியர் கேமராமேன் பக்கத்தில் நின்றிருந்தார். கேமராமேனுக்கு அவள் முகம் மட்டும்தான் தெரியும். எனக்கு இரண்டு திரை. ஒன்றில் அவள் முகம், இன்னொன்றில் மேலே பறந்த கேமராவின் படம். அதில் கோடும் முனையும் நன்றாகத் தெரிந்தன.

"கொஞ்சம் பின்னாடி," என்றேன். பேசிக்கொண்டே நகர்ந்தாள். "இன்னும் கொஞ்சம்." குதிகால் கோட்டைத் தாண்டியது. அப்போது அவர் கத்தினார். "சிட்டு, முன்னாடி வா," என்று கத்தியது அவளுடைய மைக் வழியாக எனக்கே கேட்டது. அவளுக்கு ஒரு காதில் அவர், ஒரு காதில் நான். அவள் கண் ஒரு நொடி அவர் பக்கம் போனது. "அங்க பார்க்காதே. ஒரு அடி பின்னாடி," என்றேன். கண் கேமராவுக்குத் திரும்பியது. காலைப் பின்னால் வைத்தாள்.

கட்டிக்கொள்ளப் போகிறவர் தொண்டை கிழியக் கத்தியும் அவள் என் பேச்சைத்தான் கேட்டாள். அதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

கீழே சேறாக இருந்ததால் உயிர் பிழைத்தாள். இடுப்பும் காலும் முறிந்துபோயின. கண் விழித்ததும் என்னைத்தான் கேட்டாளாம். நான் போனதும், "நீ முன்னாடின்னுதான்டி சொல்லியிருப்ப. அவரும் கத்தினாரா, காத்து வேற, எனக்குத்தான் மாறிக் கேட்டிருக்கு. உன்னை யாராவது ஏதாவது சொன்னா நான் பார்த்துக்கறேன்," என்றாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். விசாரணையிலும் அதையே சொல்லி என்னைக் காப்பாற்றிவிட்டாள். கட்டுப்பாட்டு அறையில் பேசுவது பதிவாவதில்லை, அதனால் அவள் சொன்னதே கடைசிப் பேச்சாகிவிட்டது.

அதைத்தான் திருத்த வந்தேன் சார். காற்றும் இல்லை, குழப்பமும் இல்லை. நான் பின்னாடி என்றுதான் சொன்னேன், ஒவ்வொரு எழுத்தையும் தெளிவாகச் சொன்னேன். வேண்டுமானால் இப்போது சொல்லிக் காட்டுகிறேன், நீங்களே கேட்டுப் பாருங்கள்.

இதை எழுதிக்கொண்டு என்னைக் கொஞ்சம் சீக்கிரம் அனுப்பிவிட்டால் நல்லது. அவளுக்கு இன்றும் மாடிப்படி இறங்கப் பயிற்சி. கீழ்ப்படியில் நின்று அந்த மனிதர் எவ்வளவு கூப்பிட்டாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறாள். பின்னால் நின்று நான் சொன்னால்தான் காலை எடுத்து வைக்கிறாள்.