செந்தில்நாதனின் மூக்கு

மூக்கு வரைவதில் நான் கொஞ்சம் மட்டம். கண், காது, மீசை எல்லாம் தானாக வந்துவிடும். மூக்குக்கு மட்டும் நிஜமாக ஓர் ஆள் வேண்டும். கற்பனையில் வரைந்தால் எல்லா மூக்கும் என் மூக்காகவே வந்து தொலைக்கும். எழுபத்தொரு வயதில் இதை ஒப்புக்கொள்ள வெட்கம் ஒன்றும் இல்லை.

வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்றீர்கள். நன்றி. என் பெயர் மஹாதேவன். பாலிகஞ்சில் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறேன். மனைவி காமு போய் ஒன்பது வருஷம் ஆகிறது. 'ஊமைக்காவலன்' படக்கதையை வரைகிற மூன்றாவது ஆள் நான்.

உங்களுக்கு அவனைத் தெரிந்திருக்க நியாயமில்லை. அறுபது வருஷத்துக்கு முன்னால், இங்கே இருந்த தமிழ்க் குடும்பங்கள் நடத்திய பத்திரிகைக்காக, லக்ஷ்மிநாராயணன் என்ற பாங்க் குமாஸ்தா உண்டாக்கியவன். வேட்டியை மடித்துக் கட்டி, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கிடர்பூர் துறைமுகத்தில் கடத்தல்காரர்களைப் பிடித்துத் தூணில் கட்டிப்போடுவான். ஒரு வார்த்தை பேச மாட்டான். வில்லனின் முகம் மட்டும் நிஜ ஆளுடையது. "இந்த மாசம் உங்களை வில்லனாக்கிக்கட்டுமா?" என்று கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகுதான் அவர் பென்சிலைத் தொடுவார். அந்த ஆளும் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பெருமையாகக் காட்டுவார். அடுத்து வந்த குருபிரசாத், காவலனுக்கு மோட்டார் சைக்கிளும் தோல் சட்டையும் கொடுத்து, எலும்பு முறிய அடிக்கவும் வைத்தார். முகத்துக்கு உரியவரிடம் வரைந்து முடித்த பிறகே சொல்வார்.

என் கைக்கு வந்தபோது தமிழ் படிக்கிற பிள்ளைகளே இல்லை. பெங்காலியில் எழுதி, போனில் படிக்கிற மாதிரி விட்டேன். காலத்துக்கு ஏற்றபடி காவலனையும் மாற்றினேன். என் காவலன் கை ஓங்குவதில்லை. குற்றவாளியின் முகத்தைச் சுவரில் வரைந்துவிட்டு நகர்ந்துவிடுவான். மற்றதை ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள். இதற்குக் கிடைத்த வரவேற்பு முன்னவர்கள் இருவருக்கும் கிடைத்ததில்லை.

செந்தில்நாதன் கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதினோரு வருஷம், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு என் வீட்டுக்கு வருவார். காபி குடிப்பார், புதுப் பக்கங்களைப் புரட்டுவார், "இந்த ஆளுக்கு இன்னும் ரெண்டு போடணும் சார்" என்று சிரிப்பார். காமு போன பிறகு வாரத்தில் நான் வாய் திறந்து பேசியது அந்த ஒன்றரை மணி நேரம்தான். போன பங்குனியில் அவர் சாந்த்ராகாச்சிக்கு, மகன் வீட்டோடு குடிபோனார்.

"இனிமே ஞாயித்துக்கிழமை வர முடியாது சார். பேத்தி என்னை விட மாட்டேங்குறா."

"அதனாலென்ன, அவளையும் அழைச்சுண்டு வாங்கோளேன்."

"அவ எங்க சார் ஒரு எடத்துல உக்காருவா? யார்டு பக்கம் போயி ரயில் பாக்கணும் அவளுக்கு."

நியாயமான காரணம். நான் கோபித்துக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு ஞாயிறு இரண்டு டம்ளர் காபி கலந்து, ஒன்றை ஆறவிட்டுக் கொட்டினேன். சில நாள் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆவணியில் புதுக் கதை ஆரம்பித்தேன். வில்லன், பிள்ளை பிடிக்கிறவன். கண்ணை மூடினாலும் எனக்குத் தெரிகிற மூக்கு ஒன்றுதான். இடது பக்கத்து மச்சத்தோடு அப்படியே வந்தது. அவர் கையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெண்ணையும் வரைந்தேன். அவரிடம் முன்னாலும் கேட்கவில்லை, பின்னாலும் சொல்லவில்லை.

படத்திலிருந்து தலைப்பையும் காவலனையும் வெட்டி எடுத்தது யார் என்று கேட்டீர்கள். நான்தான். 'சாந்த்ராகாச்சி யார்டு, ஞாயிறு மாலை, ஜாக்கிரதை' என்று பெங்காலியில் அடியில் எழுதி, அந்தப் பக்கத்து வாசகர்களின் போன் குழுவுக்கு அனுப்பியதும் நான்தான். போலீஸ் வரைந்த படம் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நான் அப்படி எழுதவில்லை.

அடுத்த ஞாயிறு யார்டு பக்கத்தில் நாற்பது பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்களாம். பதற்றம் வந்துவிட்டால் அவருக்குப் பெங்காலி ஓடிப்போய்விடும், தமிழ்தான் வாயில் வரும். இது எனக்கு முன்பே தெரியும். பேத்திக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதை விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் அன்று நான் சாப்பிட்டேன். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் அவர் போய்விட்டார்.

சாவுக்குப் போயிருந்தேன். அவர் மகன் ஆனந்த் என் கையை விடவே இல்லை.

"அப்பா உங்களைப் பத்தியே பேசிட்டு இருந்தாரு அங்கிள். அடுத்த வாரம் பாப்பாவையும் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வரணும்னு இருந்தாரு."

அதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. ஆனாலும் தப்பு முழுவதும் என்னுடையது என்று சொல்ல முடியாது. அடித்தவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. நான் படத்தை அனுப்புவதற்கு முன்னால் அவர் ஒரே ஒரு ஞாயிறு வந்திருந்தால் போதும். மூக்கை மாற்றி வரைந்திருப்பேன்.