வாயத் தொறந்துட்டான்

கயல்விழி: அப்புறம்? புள்ள அழுதானா?

யாசர்: அழாத புள்ள எங்க மேடம் இருக்கு? ஆனா... கடைசில வாயத் தொறந்துட்டான்!

கயல்விழி: நெசமாவா?

யாசர்: அல்ஹம்துலில்லாஹ்னு அப்டியே ஸ்டூல்ல உக்காந்துட்டேன்.

கயல்விழி: "எனக்குப் பெரியவங்க பல்லே போதும், இனிமே சிதம்பரத்துல உங்க குழந்தைப் பல் கிளாசுக்கு வரமாட்டேன்"னு நேத்து சொன்ன டாக்டர் யாருப்பா?

யாசர்: விடுங்க மேடம். நெல்லிக்குப்பம் கிளினிக்குக்குக் குட்டிப் பசங்க வந்தாலே, "சிதம்பரத்துல கயல்விழி மேடத்தப் பாருங்க"ன்னு பஸ் ஏத்தி விட்டவன் நான். இன்னிக்கும் அதத்தான் சொல்ல வந்தேன்...

கயல்விழி: சொல்லிடலையே?

யாசர்: இல்ல. நாலு வயசுப் பையன். லீவுக்கு அத்தை வீட்டுக்கு வந்திருக்கானாம். முன்பல்லு ரெண்டும் சொத்தை. பாவம், ஐஸ் கூடத் தின்ன முடியல, கூசுதாம்.

கயல்விழி: சேர்ல ஏறினானா?

யாசர்: சேரப் பாத்ததும் கத்தினான் பாருங்க, ரோட்ல போற ஷேர் ஆட்டோவே நின்னுடுச்சு! அப்புறம் நீங்க சொல்லிக் குடுத்தாப்புல, எதிரெதிரா முட்டியோட முட்டி ஒட்டி உக்காந்து, புள்ளைய மடில சாய்க்கலாம்னு அந்த அத்தையக் கூப்டேன்...

கயல்விழி: உக்காந்தாங்களா?

யாசர்: எங்க! தெரியாத ஆம்பளையோட முட்டி இடிக்க உக்காருவாங்களா? முந்தானைய இழுத்துகிட்டு வெளிய ஓடிட்டாங்க. எனக்கே வேர்த்துப் போச்சு.

கயல்விழி: அய்யய்யோ! சிரிப்ப அடக்க முடியலப்பா... அப்புறம்?

யாசர்: வாசல்ல பையனோட மாமா நின்னாரு, கரும்பு லாரி ஓட்றவரு. அவரப் புடிச்சு உக்கார வெச்சேன். பையன் தலை எம் மடில, காலு அவரு இடுப்புல. "இந்தக் கண்ணாடி ஒம் பல்ல எண்ணப் போவுது"ன்னேன். அவனே ஆன்னு காட்டிட்டான்! ஊசி இல்ல, மிஷின் இல்ல... சொத்தை பரவாம இருக்க நீங்க கிளாஸ்ல காட்டின மருந்தத் தொட்டுத் தடவினேன். அவ்ளோதான்.

கயல்விழி: சபாஷ்! மருந்து பட்டா சொத்தை கறுத்துப் போவும்னு முன்னாடியே சொல்லிட்ட இல்ல?

யாசர்: ம்... சொன்னேன் மேடம்.

கயல்விழி: யாரு கிட்ட?

யாசர்: அது... மாமா கிட்ட.

கயல்விழி: யாசர்...

யாசர்: சொல்லல மேடம். அவன் வாயத் தொறந்த சந்தோசத்துல மறந்தே போச்சு. காலைல அவங்க வீட்டுக்கே போயி சொல்லிடறேன். ஆமா... உங்களுக்கு எப்டித் தெரியும்?

கயல்விழி: "அண்ணி, புள்ள பல்லு கரியாட்டம் ஆயிடுச்சு"ன்னு என் நாத்தனா போன்ல ஒரே அழுவ. இப்பத்தான் வெவரம் சொல்லி சமாதானம் பண்ணேன்.

யாசர்: உங்க நாத்தனாவா? அப்போ அந்தப் பையன்...

கயல்விழி: எம் புள்ளதான்ப்பா. நான்தான் உங்கிட்ட அனுப்பச் சொன்னேன்.

யாசர்: யா அல்லா! ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா மேடம்?

கயல்விழி: சொல்லியிருந்தா எங்கிட்டயே திருப்பி அனுப்பியிருப்ப. நீ கிளாச விட்டுடாதப்பா... ஊருப் புள்ளைங்கல்லாம் எங்கிட்ட வாயத் தொறக்குது, எம் புள்ள ஒரு தடவ கூடத் தொறந்ததில்ல.