‘வீடு’ என்று இரண்டு முறை

— பஸ் நிக்கவே இல்லங்க. நான் எங்க தெரு முனையில நின்னு கைய ஆட்டுறேன், என்னைப் பாத்துக்கிட்டே தாண்டிப் போறாரு உங்க டிரைவர்.

— முதல்ல உக்காரு. மூச்சு வாங்குது பாரு உனக்கு. சிட்டு எங்க?

— வெளிய டிரைவர் அண்ணனோட சேந்து பஸ் கண்ணாடி துடைக்கறா. அவளுக்கென்ன, அப்பா வேலை செய்யற ஸ்கூல் பஸ் ஷெட்டு, ராணி மாதிரி இருக்கா. எனக்குத்தான் உயிர் போயிட்டு வந்துச்சு. இன்னிக்குத் திங்கக்கிழமைதானே?

— திங்கள்தான்.

— திங்கள், செவ்வாய், புதன் என் வீடு. வியாழன், வெள்ளி உங்க வீடு. பிரியும்போது பேசினது அதுதானே? இல்ல, எனக்குத்தான் மறந்துபோச்சா?

— அதுதான். எதுவும் மாறல.

— அப்ப என் பொண்ணு எதுக்கு உங்க வீட்டு வாசல்ல இறங்கினா? வியாழன், வெள்ளின்னா பஸ் வர்றதுக்கு முன்னாடியே வீட்டுக்குப் போயிடுவீங்க. இன்னிக்கு நீங்க இங்க. வீடு பூட்டிக் கிடக்கு. கீழ் வீட்டு டெய்லரம்மா பாத்து உள்ள கூட்டிட்டுப் போகலன்னா என்ன ஆயிருக்கும்? அவங்க ஃபோன் வர்ற வரைக்கும் தெருத்தெருவா ஓடியிருக்கேன். லேப் கோட்டக்கூடக் கழட்டல, பாருங்க.

— அதாவது... இன்னிக்குத்தான் புது முறை ஆரம்பிச்சோம். இதுவரைக்கும் டிரைவர் கையில ஒரு தாள் இருக்கும். இனிமே பஸ்ல ஒரு ஸ்க்ரீன். நான் இங்க எழுதி வைக்கிற ஃபைலைப் படிச்சு, எந்தப் பிள்ளைய எங்க இறக்கணும்னு அதுவே சொல்லும்.

— அது சொல்லி, நீங்க கேட்டு, என் பொண்ணு தெருவுல நின்னா. நல்ல முறை.

— சார், வண்டி சாவி. மேடம், நீங்களும் கேளுங்க. சத்தியமா சொல்றேன், என் மேல தப்பு இல்ல. ஸ்க்ரீன் என்ன சொல்லுதோ அங்கதான் இறக்கணும், சொந்த மூளைய ஓட்டாதீங்கன்னு காலையிலதான் சார் கிளாஸ் எடுத்தாரு.

— நான் கைய ஆட்டினது தெரியலயா அண்ணா?

— தெரிஞ்சுது மேடம். நீங்க டாட்டா காட்டுறீங்கன்னு நானும் காட்டினேன்.

— நல்லா காட்டினீங்க போங்க.

— எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு மேடம். வாண்டுகிட்டயே கேட்டேன், இன்னிக்கு இங்கயா இறங்குறேன்னு. ஆமா மாமா, இன்னிக்கு இங்கதான்னு குதிச்சு இறங்கிடுச்சு. டெய்லரம்மா வீட்டுல ஒரு நாய்க்குட்டி இருக்காம்ல, வழியெல்லாம் அதே பேச்சு.

— சரிண்ணா. நீங்க போங்க. அவளைக் கொஞ்சம் பாத்துக்குங்க, வந்துடறோம்.

— கண்ணாடி முடிஞ்சுது, இப்ப டயரைத் துடைக்கறேன்னு நிக்குது. நான் பாத்துக்கறேன்.

— ...அவளுக்குத் தெரியும். திங்கக்கிழமைன்னு நல்லாவே தெரியும்.

— சின்னப் பொண்ணு, விடு. நாய்க்குட்டி ஆசை. இங்க வா, எங்க தப்பு நடந்துச்சுன்னு காட்டறேன். பாரு, இது சிட்டோட பக்கம். பேரு, ரெண்டு புள்ளி, அதுக்கு எதிர அவ பேரு. வகுப்பு, ரெண்டு புள்ளி, அவ வகுப்பு. இடது பக்கம் இருக்கறது தலைப்பு, வலது பக்கம் விவரம். நீயே படிக்கலாம், நானும் படிக்கலாம், மெஷினும் படிக்கும்.

— படிக்குது, படிக்குது. இதென்ன, வீடுன்னு ரெண்டு தடவை இருக்கு?

— அங்கதான் விழுந்தேன். மத்தப் பிள்ளைங்களுக்கெல்லாம் வீடுன்னு ஒரு வரிதான். அந்தப் பழக்கத்துல இவளுக்கும் எழுதினேன். வீடுன்னு போட்டு உன் வீடு. அடுத்த வரியில மறுபடி வீடுன்னு போட்டு என் வீடு. ஒரே தலைப்பு ரெண்டு தடவை வந்தா, மெஷின் கடைசியா பாத்ததை மட்டும்தான் வச்சுக்கும். முன்னாடி இருந்தது போயிடும். போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லவும் சொல்லாது.

— என் வீடுதான் போச்சாக்கும்.

— உன்னதை முதல்ல எழுதினது ஒரு மரியாதைக்கு.

— இந்த மரியாதைய நீங்க கல்யாணம் ஆன நாள்லேருந்து செய்யறீங்க.

— திட்டு. திட்டி முடி. பிள்ளைங்க எல்லாரோடதையும் நானே சரி பாத்தேன். இதையும் பாத்தேன். என் கண்ணுக்கு ரெண்டும் வீடாத்தான் தெரிஞ்சுது.

— தண்ணி இருக்கா?

— அந்த பாட்டில். ...மதியம் சாப்பிடலயா நீ?

— சாப்பிடுற நேரத்துல கிளம்பினாத்தான் பஸ் வர்ற நேரத்துக்கு முனையில நிக்க முடியும். என் பங்கு ரத்த டெஸ்ட்டையும் லேப்ல கூட வேலை செய்யறவ தலையில கட்டிட்டு வர்றேன். திங்கள், செவ்வாய், புதன் மூணு நாளும் அவகிட்ட கெஞ்சணும். அடுத்த வாரத்துலேருந்து அதுவும் கிடையாது. எனக்கு மதிய ஷிஃப்ட் போட்டுட்டாங்க. வீட்டுக்கு வரும்போது பாப்பா தூங்கியிருப்பா.

— உங்க அக்கா வந்து இருக்கறதா சொன்னியே?

— அக்காவுக்கு முழங்கால்ல ஆபரேஷன்னு தேதி குடுத்துட்டாங்க. அவளும் மனுஷிதானே.

— ம்.

— என்ன ம்? சரி பண்ணுங்க. நாளைக்கும் என்னால ஓட முடியாது.

— இதோ. வீடுன்னு ஒரே ஒரு தலைப்பு. அதுக்குக் கீழ, கொஞ்சம் உள்ள தள்ளி, ஒரு சின்னக் கோடு போட்டு உன் வீடு. அதுக்குக் கீழ இன்னொரு கோடு போட்டு என் வீடு. பட்டியல். இப்ப ஒண்ணை ஒண்ணு முழுங்காது.

— என் வீடு மட்டும் ஏன் வெளிய நிக்குது?

— எது? ஐயோ, ஆமா. ஸ்பேஸ் விட மறந்துட்டேன். எவ்வளவு உள்ள தள்ளி இருக்குங்கறதை வச்சுத்தான் எது யாருக்குச் சொந்தம்னு அது புரிஞ்சுக்கும். இப்படி விட்டிருந்தா ஃபைலே ஓடாது. எந்தப் பஸ்ஸும் கிளம்பாது.

— ஒரு பஸ்ஸை நிறுத்த நான் அந்தப் பாடு பட்டேன். இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

— சிரிக்கறியா, அழறியா?

— கண்ணு எரியுது. நீங்க வேலையப் பாருங்க. இப்ப நாளைக்கு எங்க இறக்கும்?

— அதாவது... பட்டியலுக்கு வரிசை மட்டும்தான் தெரியும். முதல்ல இது, அடுத்தது இதுன்னு. எந்தக் கிழமை எங்கன்னு தெரியாது. தினமும் முதல்ல இருக்கற வீட்டுக்கே கொண்டுபோகும். அதனால கோட்டை எடுத்துட்டு, கிழமையவே தலைப்பா வைக்கணும். திங்கள், ரெண்டு புள்ளி, அம்மா வீடு. செவ்வாய், ரெண்டு புள்ளி, அம்மா வீடு. புதனும் அப்படியே. வியாழன், அப்பா வீடு. வெள்ளி, அப்பா வீடு. இந்தா, முடிஞ்சுது.

— வியாழன் உங்க வீடு. அன்னிக்குத்தானே கோர்ட்டுல கவுன்சலரைப் பாக்கணும்?

— ஆமா. நிரந்தரமா எந்த வீடு, எத்தனை நாள்னு அன்னிக்கு எழுதிக் கையெழுத்து வாங்கிடுவாங்க. ...ஒண்ணு கேக்கட்டுமா?

— கேளுங்க.

— இன்னிக்கு நடந்ததை அங்க சொல்லப்போறியா?

— சொல்லாம? அவளோட அப்பாவே எழுதி, அவளோட அப்பாவே சரி பாத்து, பூட்டின வீட்டு வாசல்ல இறக்கி விட்டாருன்னு சொன்னா, அவங்க என்ன சொல்லுவாங்க?

— எனக்கு ரெண்டு நாளே அதிகம்னு சொல்லுவாங்க.

— தெரியுதில்ல.

— தெரியுது. சண்டை போட எனக்கும் தெம்பு இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன். வியாழக்கிழமை வந்தாத்தான் அந்த வீட்டுல நான் லைட்டே போடறேன். அதுவரைக்கும் ஸ்டவ்வுகூட சுத்தமா கிடக்கும். அவ வந்தாத்தான் எண்ணெய் தெறிக்கும், சத்தம் இருக்கும். அந்த ரெண்டு நாளை மட்டும் எடுத்துடாத.

— கிழமை மாத்தணும்னா ரொம்ப நேரம் ஆகுமா இதுல?

— இதுலயா? ஒரு வார்த்தைய அழிச்சு ஒரு வார்த்தை எழுதணும். அவ்வளவுதான். எதுக்கு?

— அஞ்சு நாளும் ஒரே வீடுன்னா எப்படி எழுதுவீங்க?

— ...வியாழன் வரைக்கும் பொறுக்கக் கூடாதா?

— எப்படி எழுதுவீங்கன்னுதானே கேட்டேன்.

— கிழமையே வேணாம். பட்டியலும் வேணாம். மத்தப் பிள்ளைங்க மாதிரி ஒரே வரி. வீடு, ரெண்டு புள்ளி, எந்த வீடோ அது.

— அப்படியே எழுதுங்க.

— இப்பவா?

— இப்பவே. வியாழக்கிழமை அங்க போய், இதோ ஏற்கெனவே மாத்தியாச்சு, ரெண்டு பேருக்கும் சம்மதம்னு சொல்லிட்டா ஒரு வேலை முடிஞ்சுது. இழுத்துக்கிட்டே போக என்னால முடியல.

— நான் ஒரு தடவை தப்பு பண்ணதுக்கு இவ்வளவா?

— தப்புக்கு இல்லங்க. கிழமையெல்லாம் அழிங்க முதல்ல.

— அழிச்சுட்டேன்.

— வீடுன்னு அடிங்க.

— அடிச்சாச்சு. ரெண்டு புள்ளியும் வச்சாச்சு. இதுக்கு மேல நீயே அடிச்சுக்கோ. அம்மா வீடுன்னு அடிக்க எனக்குக் கை வரல.

— நகருங்க, நானே அடிக்கறேன்... அப்பா வீடு. ஞாயித்துக்கிழமை எனக்கு லேப் லீவு, அன்னிக்கு நான் வந்து அவளைப் பாத்துட்டுப் போறேன்.